காது தொட்ட வயதும் கணக்கில் வராத பெயரும்

ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்னால் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் குழந்தையைச் சேர்க்கப் போனால் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். பின்னாளில் அந்தக் குழந்தை அரசு வேலைக்குப் போய் ஓய்வு பெறுவதும் அந்தத் தேதிப்படிதான். நிஜமான பிறந்த நாள் எது என்று வீட்டில் கேட்டால் "தனுஷ்கோடி புயலுக்கு முந்தின ஐப்பசி" என்று பதில் வரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்ய 1899லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கிராமத்து முன்சீப்பிடம் பதிவேடு இருந்தது. ஆனால் போய்ச் சொல்ல வேண்டும் என்ற அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரேஷனும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை.

நமக்கு இது சிரிப்புக் கதை. பாக் நீரிணையைத் தாண்டினால் இதே கதை சிரிப்பாக இல்லை.

இலங்கையில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு தொடங்கி பதிவேடு எழுதும் பழக்கம் நீண்ட நாளாக உண்டு. யார் நிலம் யாருடையது, யார் வீட்டில் எத்தனை தலை என்று யாழ்ப்பாணம் வரைக்கும் எழுதி வைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் 1867ல் பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது. அந்த வட்டாரத்தில் இது முன்னோடியான ஏற்பாடு என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட நாட்டில், 1948 நவம்பர் 15 அன்று குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். அதை யார் நிரூபிப்பது? தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம்தான் நிரூபிக்க வேண்டும். பாட்டன் எந்த லயத்தில் பிறந்தார் என்று வாயால் சொல்லலாம், காகிதம் எங்கே? சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம், 1949ல், இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே வசித்தேன் என்று காட்டினால் குடியுரிமை உண்டு என்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காகிதம் இல்லாததால்தான் குடியுரிமை போயிற்று என்பது பாதி உண்மை. பறிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தது, காகிதம் அதற்கு வசதியான கருவியாக இருந்தது. எல்லோர் கையிலும் சான்றிதழ் இருந்திருந்தால் சட்டத்தை வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். ஆனால் இவ்வளவு சத்தமில்லாமல் காரியம் முடிந்திருக்காது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1964ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! (1974ல் அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள்.) கம்பெனியைக் கலைக்கும்போது இருப்புச் சரக்கைப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்த ஒப்பந்தம் அது. ஒரு நாட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விட்ட பெயர் அடுத்த நாட்டின் ரயில் நிலையத்தில் போய் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவு என்பது ஒவ்வொரு நாட்டின் உள்வீட்டு விவகாரம் மாதிரித் தெரியும். உண்மையில் அது எல்லை தாண்டும் விவகாரம்.

ஐரோப்பாவில் இதைச் சூடுபட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கே பதிவேடு பழையது. இங்கிலாந்தில் 1538லேயே தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு திருச்சபையும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க உத்தரவிட்டார். பிரான்சில் புரட்சிக்காரர்கள் 1792ல் அந்த ஏட்டைப் பாதிரியார்களிடமிருந்து வாங்கி நகரசபையிடம் கொடுத்தார்கள். ஆனாலும் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது லட்சக்கணக்கான பேர் பிறந்த நாடு ஒன்று, கட்டிய நாடு ஒன்று, வாழும் நாடு ஒன்று என்று சிதறிக் கிடந்தார்கள். ஒரு நாட்டுச் சான்றிதழ் அடுத்த நாட்டுக் குமாஸ்தாவுக்குப் புரியவில்லை.

1948 செப்டம்பரில் பெல்ஜியம், பிரான்ஸ், லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஆம்ஸ்டர்டாமில் கூடி குடிமை நிலைக்கான சர்வதேச ஆணையத்தை ஆரம்பித்தன. அதே வருடம்தான் கொழும்பில் குடியுரிமைச் சட்டம். இந்த ஆணையம் செய்த வேலைகளில் ரசிக்கத்தக்கது 1976ல் வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தம். எல்லா நாட்டிலும் சான்றிதழுக்கு ஒரே படிவம். ஒரே வரிசை எண். மூன்றாவது கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதேதான் எல்லா மொழியிலும் மூன்றாவது கட்டத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்க வேண்டாம், முத்திரைக்கு அலைய வேண்டாம். விவாகரத்து, மரணம் எல்லாவற்றுக்கும் சுருக்கக் குறியீடு. கணவன் இறந்திருந்தால் 'டிஎம்', மனைவி இறந்திருந்தால் 'டிஎஃப்'. துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன ஒரு தொழிலாளிக்கு மனிதகுலத்தின் பெரிய பிரகடனங்கள் எல்லாவற்றையும்விட இந்தக் கட்டம் போட்ட காகிதம்தான் உபயோகமாக இருந்திருக்கும்.

சரி, ஆசியாவுக்கு வருவோம்.

ஆசியாவில் இப்படி ஒன்று உருவாக இன்னும் அறுபது வருடம் ஆனது. ஐ.நா.வின் ஆசிய பசிபிக் பொருளாதார சமூக ஆணையம் பாங்காக்கில் இருக்கிறது. சுருக்கமாக எஸ்கேப். (சென்னைத் தமிழில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு, அதை விட்டுவிடுவோம்.) 2011ல் இந்த ஆணையம் பதிவு முறைகளை மேம்படுத்த ஒரு தீர்மானம் போட்டது. 2012 டிசம்பரில் பாங்காக்கில் ஒரு உயர்மட்டக் கூட்டம். 2014 நவம்பரில் அமைச்சர்களே வந்தார்கள். 'ஒவ்வொருவரையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள்' என்பது முழக்கம். 2015 முதல் 2024 வரை பதிவுப் பத்தாண்டு என்று அறிவித்தார்கள்.

அன்றைக்கு நிலைமை என்ன? 2012 கணக்குப்படி இந்த வட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 13 கோடியே 50 லட்சம் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை. அவ்வளவு குழந்தைகள் எந்த அரசாங்கத்தின் ஏட்டிலும் இல்லை.

அமைச்சர்கள் மூன்று இலக்கு வைத்தார்கள். எல்லாப் பிறப்பும் இறப்பும் பதிவாக வேண்டும்; பதிவானவர் கையில் சான்றிதழ் இருக்க வேண்டும்; பதிவேட்டிலிருந்து புள்ளிவிவரம் வர வேண்டும். படிக்கும்போது மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. பதிவு செய்திருப்பார்கள், கையில் சான்றிதழ் இருக்காது, ஏனென்றால் அதற்குத் தனியாகக் கட்டணம், தனியாக அலைச்சல். சான்றிதழும் கொடுத்திருப்பார்கள், ஆனால் ஏடுகள் தாலுகா அலுவலகத்து மரப் பீரோவில் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கும். யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வணிகவியல் பாஷையில் சொன்னால், தினசரிக் குறிப்பேடு எழுதுகிறார்கள், பேரேட்டுக்கு எடுத்து எழுதுவதில்லை, இருப்பாய்வு போட்டதே இல்லை.

இதில் இன்னொரு விஷயம். எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மதிப்பெண்ணை மாணவனே போட்டுக்கொள்வது மாதிரி இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜப்பானையும் ஆப்கானிஸ்தானையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொன்னால் ஆப்கானிஸ்தான் ஓடவே வராது. தானே சொன்ன எண்ணுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தச் சங்கடம் கொஞ்சம் வேலை செய்தது.

கூட்டுமுயற்சி நிஜமாகவே எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பசிபிக் தீவுகளைப் பார்க்க வேண்டும். கிரிபாட்டி என்ற நாட்டில் 33 தீவுகள். பூமத்திய ரேகையை ஒட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கின்றன. துவாலுவின் மொத்த ஜனத்தொகை சுமார் 11 ஆயிரம். நியுவேயில் 2 ஆயிரம் பேர்கூடக் கிடையாது. நம் ஊர்ப் பக்கம் ஒரு நடுத்தரப் பஞ்சாயத்தில் இதைவிடக் கூட்டம் அதிகம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பதிவாளர், ஒரு மருத்துவக் குறியீட்டாளர், ஒரு புள்ளியியல் நிபுணர் என்று தனித்தனியாக ஆள் வைக்க முடியுமா? வைத்தாலும் வருடத்தில் பாதி நாள் அவர்களுக்கு வேலை இருக்காது. அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டால் மொத்தத் துறையும் போய்விடும்.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல். 2 ஆயிரம் பேர் உள்ள தீவில் ஒரு வருடம் வழக்கத்தைவிட ஐந்து பேர் கூடுதலாக இறந்தால் இறப்பு விகிதம் எங்கேயோ ஏறிவிடும். அடுத்த வருடம் இறங்கிவிடும். அதனால் அங்கே பல வருடங்களைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்து ஏடு விட்டுப்போனால் அந்தக் கூட்டுக்கணக்கு முழுவதும் ஆட்டம் காணும்.

இதைவிட விசித்திரமானது, ஆட்கள் எங்கே சாகிறார்கள் என்பது. தீவில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. கடுமையான நோய் என்றால் பிஜிக்கோ நியூசிலாந்துக்கோ, சில நேரம் இந்தியாவுக்கோகூட அனுப்புகிறார்கள். மார்ஷல் தீவுக்காரர்கள் ஹொனலுலுவுக்கும் மணிலாவுக்கும் போகிறார்கள். அங்கே இறந்தால் அந்த நாட்டு ஏட்டில் பதிவாகும். சொந்த ஊர் ஏட்டில் அந்த ஆள் உயிரோடுதான் இருப்பார். தகவல் யாராவது அனுப்பினால்தான் உண்டு.

இதற்காகத்தான் 2010ல் பிரிஸ்பேனில் சில அமைப்புகள் கைகோத்தன. பசிபிக் சமூக அமைப்பு, ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை, குவீன்ஸ்லாந்தின் பல்கலைக்கழகங்கள், உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் என்று பெரிய பட்டியல். பெயர் பிரிஸ்பேன் உடன்படிக்கைக் குழு. அதுவரைக்கும் ஒவ்வொரு அமைப்பும் தனித்தனியாக வந்து, தனித்தனியாகப் பயிற்சி கொடுத்து, தனித்தனியாக மென்பொருள் போட்டுவிட்டுப் போகும். ஒரே பதிவாளர் மூன்று பயிற்சிக்குப் போய் மூன்று விதமாகக் கற்றுக்கொண்டு வருவார். அதை நிறுத்தி 2011 முதல் 2014 வரை ஒரே திட்டமாக நடத்தினார்கள். 2014ல் தீவுப் பதிவாளர்களே தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பை அமைத்துக்கொண்டார்கள். பெரிய நிதி உதவிகளைவிட இந்தக் கடைசி விஷயம்தான் உருப்படியானது என்று தோன்றுகிறது. பக்கத்துத் தீவில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் போன் போட முடிவது சின்ன விஷயமா?

(பிஜிக்கும் நமக்கும் ஒரு பழைய காகித உறவு உண்டு. 1903லிருந்து சென்னையில் கப்பலேறி பிஜிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், கிராமம், மாவட்டம், உடம்பில் உள்ள மச்சம் வரைக்கும். இன்று கொள்ளுப்பேரன்கள் பூர்வீகம் தேடுவது அந்தச் சீட்டை வைத்துத்தான்.)

பிறப்பைப் பதிவு செய்வதில் ஆசியா முன்னேறித்தான் இருக்கிறது. வங்கதேசத்தில் 1873ஆம் வருடத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். 2004ல் புதிய சட்டம் வந்தது. 2006ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்றுதான் பதிவாகியிருந்தது, 2019ல் 56 சதவீதம். தாய்லாந்து 2008ல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், நாடே இல்லாதவராக இருந்தாலும், தாய்லாந்து மண்ணில் பிறந்த குழந்தையைப் பதிவு செய்யலாம் என்றது. மியான்மர் எல்லை முகாம்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு இது பெரிய விஷயம். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் பிறப்புப் பதிவு பற்றிய 7ஆம் பிரிவுக்குத் தாய்லாந்து சொல்லியிருந்த ஆட்சேபத்தை 2010ல் வாபஸ் வாங்கியது. குடியுரிமை கொடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'இங்கே பிறந்தது' என்று எழுதிக் கொடுத்தது.

மொத்த வட்டாரத்தில் 13 கோடியே 50 லட்சமாக இருந்த பதிவாகாத குழந்தைகள் 2024ல் சுமார் 5 கோடியே 10 லட்சமாகக் குறைந்தார்கள்.

ஆனால் மரணம்? அங்கேதான் ஏடு வெறுமையாக இருக்கிறது. வருடத்துக்கு 69 லட்சம் மரணங்கள் இந்த வட்டாரத்தில் பதிவாகாமலே போகின்றன என்று எஸ்கேப் மதிப்பிடுகிறது. காரணம் எளிது. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், தடுப்பூசி அட்டை வேண்டும், அதனால் அம்மா அப்பா ஓடுகிறார்கள். செத்தவருக்கு என்ன வேண்டும்? சொத்தோ இன்சூரன்சோ பென்ஷனோ இருந்தால் வீட்டார் ஓடுவார்கள். ஒன்றுமே இல்லாத ஏழைக் கிழவி செத்துப்போனால் யார் ஓடுவது? உலகம் முழுக்க இறப்புப் பதிவில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம். சொத்து அவர்கள் பெயரில் இல்லை.

பதிவானாலும் காரணம் என்ற கட்டத்தில் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதிக் கொடுப்பார்கள். செத்தவர் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும்! சர்க்கரை வியாதியா, காசநோயா, பிரசவத்தில் ரத்தப்போக்கா என்பதுதானே கேள்வி. பாரிஸ்காரர் ஜாக் பெர்த்தியோன் 1893லேயே சிகாகோவில் மரணக் காரணங்களுக்கு ஒரு சர்வதேசப் பட்டியல் கொடுத்துவிட்டார். இன்று உலகம் பயன்படுத்தும் நோய் வகைப்பாட்டின் மூதாதை அதுதான். பட்டியல் தயாராகி 130 வருடம் ஆகியும் அதைப் பார்த்து எழுத டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே பிரிஸ்பேன் குழுவின் பாதி வேலையாக இருந்தது.

கொரோனா வந்தபோது இந்த ஓட்டை ஊருக்கே தெரிந்தது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு வருடத்தில் உலகில் 1 கோடியே 49 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று மதிப்பிட்டது. இந்தியாவுக்கு மட்டும் 47 லட்சம். இந்திய அரசு அதை ஏற்கவில்லை, எங்களிடம் பதிவேடு இருக்கும்போது உங்கள் மாதிரிக் கணக்கு எதற்கு என்று கேட்டது. கேள்வியில் தப்பில்லை. ஆனால் 2021ஆம் வருடத்துப் பதிவேட்டுக் கணக்கு வெளியானது 2025 மே மாதம். 2019ல் 76 லட்சமாகவும் 2020ல் 81 லட்சமாகவும் இருந்த பதிவான மரணங்கள் 2021ல் 1 கோடியே 2 லட்சம். நான்கு வருடம் கழித்து வரும் கணக்கை வைத்து எந்தக் கடைக்காரனும் வியாபாரம் நடத்த மாட்டான்.

உடல் கிடைக்காத மரணம் இன்னொரு தனி வேதனை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் கடல் கொண்டுபோனவர்கள் திரும்பவில்லை. சாதாரணச் சட்டப்படி காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள இந்தியாவில் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். சுனாமிக்கு மட்டும் விதிகளைத் தளர்த்தினார்கள். இலங்கை 2005ல் தனிச்சட்டமே போட்டது. பிறகு போரில் காணாமல் போனவர்களுக்காக 2010ல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி மரணச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் எப்படி மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவாள்? 2016ல் சட்டத்தைத் திருத்தி 'காணாமைச் சான்றிதழ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. பதிவேட்டில் இப்படி ஒரு மூன்றாவது கட்டம் போட வேண்டியிருந்தது.

பத்தாண்டு முடிந்தும் வேலை முடியாததால் 2025 ஜூனில் அமைச்சர்கள் மறுபடி பாங்காக்கில் கூடி 2030 வரைக்கும் நீட்டித்திருக்கிறார்கள். பழைய எண்களை எட்டியவர்கள், எட்டாதவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டங்களும் கையெழுத்துகளும் ஒரு பக்கம் இருக்கட்டும். 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த ஈழ அகதிகளின் பிள்ளைகள் இங்கே முகாம்களில் பிறந்தார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்துச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் தூதரகப் பிறப்புச் சான்றிதழும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திரும்பும்போது அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை. 1948ஐ மறக்காதவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் போய் இந்தக் காகிதங்களை வாங்கிக் கொடுத்தது. திரும்பிப் போகிறவர்களுக்காகச் செய்த வேலை.

ஆனால் இந்தியச் சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். முகாமில் அந்தக் காலத்தில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அகதி முகாமில் பதிந்திருந்த பெயர் ஒரு பக்கம், பிறந்த இடமும் தேதியும் எழுதிய பிறப்புச் சான்றிதழ் ஒரு பக்கம். 2022ல் நீதிமன்றம் சான்றிதழைப் பார்த்து பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார்.